நதியோடு செல்லும் உணரிகளும் களனி கங்கையும்

நதியொன்றின் நீரோட்டத்தையும் நீரின் தரத்தையும் அறிந்துகொள்வதற்குக் கரையோரங்களில் அளவீட்டு நிலையங்களை அமைப்பதே உலகெங்கும் நீண்டகால வழக்கமாக இருந்து வருகின்றது. இந்நிலையங்கள் தம்மைக் கடந்து செல்லும் நீரை மாத்திரமே அறியும். இரு நிலையங்களுக்கு இடையில் கலந்த கழிவு எத்திசையில், எவ்வளவு வேகத்தில் செல்கின்றது என்பது வெறும் கணிப்பீடாகவே எஞ்சுகின்றது.

இக்குறையை நிவர்த்தி செய்யும் முயற்சியொன்று 2012 ஆம் ஆண்டு மே 9 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இடம்பெற்றது. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிதக்கும் உணரிகள் 100 ஐ வோல்னட் குரோவ் என்ற சிற்றூருக்கு அருகே சக்ரமென்டோ ஆற்றில் இறக்கினர். ஒவ்வோர் உணரியும் தான் இருக்கும் இடத்தைச் செய்மதி மூலம் அறிந்து, கையடக்கத் தொலைபேசி வாயிலாகச் சில விநாடிகளுக்கு ஒரு தடவை அனுப்பியது. கரையில் ஒதுங்கிவிடாது தாமே விலகிச் செல்வதற்கென அவற்றுட் சிலவற்றுக்குச் சுழல்விசிறிகளும் பொருத்தப்பட்டிருந்தன.

அவ்விடம் தெரிவு செய்யப்பட்டமைக்குக் காரணம் உண்டு. சக்ரமென்டோ, சான் வோகின் ஆறுகள் சேரும் அக்கழிமுகம், கலிபோர்னிய மக்களுள் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரின் குடிநீருக்கு ஆதாரமாகும். கடல் வற்றுப்பெருக்கின் காரணமாக அங்கு நீரோட்டம் திசைமாறுவதுண்டு. 2004 ஜூனில் அங்குள்ள அணைக்கரையொன்று உடைந்து பெருநிலப்பரப்பு நீரில் மூழ்கியது. இத்தகைய வேளைகளில் உவர்நீர் எங்கு நுழைகின்றது என்பதை உடனுக்குடன் அறிவது அவசியமாகும்.

எமது களனி கங்கையின் நிலையும் இதனையே நினைவூட்டுகின்றது. கொழும்பு மக்களின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் இக்கங்கையிலிருந்தே பெறப்படுகின்றது. வரட்சிக் காலங்களில் கடல்நீர் மேலேறுவதைத் தடுப்பதற்கு அங்கு தடுப்பணை அமைக்க வேண்டியேற்பட்டது. 2015 ஓகஸ்டில் கைத்தொழிற்சாலையொன்றிலிருந்து கசிந்த எண்ணெய் கங்கையில் கலந்தபோது நீர் விநியோகம் தடைப்பட்டது. மாசின் முன்முனை எங்குள்ளது என்பதை நீருடன் செல்லும் உணரிகள் அறிவிக்குமாயின், நீரேற்றத்தை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் ஆரம்பிப்பது என்பதை ஊகமின்றித் தீர்மானிக்கலாம்.

ஆயினும் கருவிகள் மீது அளவுகடந்த நம்பிக்கை வைப்பதும் தவறாகும். மிதக்கும் உணரி மாசு செல்லும் வழியைக் காட்டுமேயன்றி, அதனைக் கலந்தவரைத் தண்டிக்காது. நாகலகம் வீதி, ஹங்வெல்ல போன்ற நிரந்தர நிலையங்களுக்கு அது மாற்றீடும் அன்று. நீர்மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், குடிநீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும், மாசுக் கட்டுப்பாடு மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் பிரிந்து கிடக்கையில், தரவுகளை ஒன்றிணைக்காவிடின் எந்த உணரியாலும் பயனில்லை.

அதனிலும் முக்கியமானது, தரவு யாரைச் சென்றடைகின்றது என்பதாகும். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகளில் பெரும் இழப்பைச் சந்தித்தவர்களுள் தமிழ் பேசும் மக்களும் அடங்குவர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோதும், எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. விநாடிக் கணக்கில் பெறப்படும் தரவு, மணிக்கணக்கில் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்குமாயின் அத்தொழில்நுட்பத்தினால் விளையும் நன்மை யாது?

மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்கள் இத்தகைய கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்க முயல்வதற்கு அரசு ஊக்கமளிக்க வேண்டும். அவற்றின் அளவீடுகள் மும்மொழிகளிலும் ஒரே வேளையில் பொதுமக்களுக்குக் கிடைக்கவும் வேண்டும். கங்கை பெருகுகையில் அது மொழி பார்த்து வீடுகளுக்குள் புகுவதில்லை. எச்சரிக்கையும் மொழி பார்த்துப் பிந்தலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.