சீன கிராமத்துக்குப் போகிறவர் விருந்தாளியா, வாடிக்கையாளரா?

"கலாச்சாரப் பரிமாற்றம்" என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஒரு மேடை, இரண்டு நாட்டுக் கொடி, பூங்கொத்து, நடுவில் ஒரு அமைச்சர்! சீனாவில் குய்லின் பக்கத்தில் யாங்ஷுவோ என்ற ஊரில் நடந்தது இந்த வகையிலேயே சேராது. 1980-களில் முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே சுற்றினார்கள். பக்கத்தில் நிலாக் குன்று என்று ஒரு மலை இருக்கிறது (நடுவில் பெரிய ஓட்டை, தூரத்திலிருந்து பார்த்தால் நிலா மாதிரியே தெரியும்). அதில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் விற்ற விவசாயப் பெண்கள், வியாபாரத்துக்காகவே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் அதிகம் படிக்காத ஒரு பாட்டி பல மொழிகளில் பேச ஆரம்பித்து, பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டார்.

1990-களின் தொடக்கத்தில் டாட் ஸ்கின்னர் என்ற அமெரிக்கப் பாறையேற்ற வீரர் அதே குன்றில் ஏறிப் பாதை போட்டுவிட்டுப் போனார். இன்று யாங்ஷுவோ பாறையேற்றத்துக்குப் பேர்போன இடம். உள்ளூர்ப் பையன்களும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். எந்த அரசாங்கமும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை.

"காசு உள்ளே வந்தால் கலாச்சாரம் வெளியே போய்விடும்" என்று சொல்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாட்டிக்குத் தண்ணீர் விற்க வேண்டியிருந்தது, வந்தவனுக்கு வழி தெரிய வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் தேவை இருந்ததால்தான் பேச்சே பிறந்தது. ஆகவே, காசு இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. விலையை யார் சொல்கிறார்கள், காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

குய்சோ மாகாணத்தில் உள்ள சிஜியாங் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மியாவ் இன மக்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரவீடுகள் மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக நிற்கும். 2008-இல் மாகாண அரசு இங்கே சுற்றுலாவைப் பெரிய அளவில் முன்னெடுத்தது. பிறகு வாசல் வந்தது, வாசலில் டிக்கெட் வந்தது. வருகிறவரை வழிமறித்து மாட்டுக் கொம்பில் அரிசி மது கொடுப்பது மியாவ் மக்களின் பழைய வழக்கம். குடித்தவர் அந்த வீட்டு விருந்தாளி, பதிலுக்கு அவருக்கும் சில கடமைகள் உண்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு என்ன கடமை? கொம்பில் வாய் வைத்து ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அதற்காகச் சிஜியாங்கை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமில்லை. குவாங்டாங் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களில் சிலர் ஊர் திரும்பிக் கடை போட்டது இந்தக் கூட்டத்தை நம்பித்தான். இன்னொரு வகை வெளிநாட்டுக்காரர் இருக்கிறார், "கெட்டுப்போகாத" கிராமத்தைத் தேடி அலைபவர். அவர்தான் அதிக ஆபத்து! மரவீட்டில் நெருப்புப் பிடித்தால் தெருவே போய்விடும் என்று பயந்து செங்கல் வீடு கட்ட நினைக்கும் குடும்பத்தைப் பார்த்து "ஐயோ, அழகு போச்சே" என்பார். ராத்திரி அந்த வீட்டில் தூங்கப்போவது அவர் இல்லையே.

குவாங்சியின் லோங்ஜி படிக்கட்டு வயல்களில் உள்ள தாஜாய் கிராமம் வேறு வழியில் யோசித்தது. பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது வயலைத்தான். விவசாயி நடவை நிறுத்திவிட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு, வயலைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு வருடா வருடம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. காமர்ஸ் பாடத்தில் சொன்னால், நெல் வயல்தான் முதலீடு, விவசாயிதான் பங்குதாரர். இதில் இன்னொரு விஷயம்... பங்கு வாங்குகிறவர் விருந்தாளியைச் சகித்துக்கொள்ள மாட்டார், வரவேற்பார்.

யுன்னானின் ஷாசியில் வேறு கதை. தேயிலை-குதிரைப் பாதையில் இருந்த பழைய சந்தை ஊர் அது. அதன் சந்தைச் சதுக்கம் 2002-ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் இடம்பெற்றது. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் ஜியான்சுவான் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அதைச் சீரமைத்தன. ஜியான்சுவான் தச்சர்களின் கைவேலைக்குப் பேர்போன இடம். சுவிஸ்காரரிடம் வரைபடம் இருந்தது, தச்சரிடம் உளி இருந்தது. இதைவிட நல்ல பரிமாற்றம் எது? ஆனால் ஊர் பிரபலமானதும் வெளியூர் முதலாளிகள் வந்து வீடுகளை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்த ஆரம்பித்தார்கள். கிராமத்து வீட்டுமனையை வெளியாளுக்கு விற்கச் சட்டம் இடம் தராததால் குத்தகை. முன்கூட்டியே குறைந்த வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவர், தன் வீட்டிலேயே இன்னொருவர் லாபம் பார்ப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

மொழி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் பல கிராமங்களில் மீதி இருப்பது தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும். வெளிநாட்டு மாணவர் இரண்டு வருடம் கஷ்டப்பட்டு மாண்டரின் படித்துக்கொண்டு போவார். பாட்டி பேசுவது பாய் மொழியோ மியாவ் மொழியோ! இரண்டு பேருக்கும் மாண்டரின் அன்னிய மொழி. இரண்டு பேரும் சரிசமமாகத் திணறுகிறார்கள், அங்கே சிரிப்பு வருகிறது. வழிகாட்டி மைக்கில் சொல்லும் வரலாற்றைவிட அந்தச் சிரிப்பு அதிக நாள் மனசில் நிற்கும்.

டிசம்பர் 2023-இலிருந்து சீனா பல நாட்டவருக்கு விசா இல்லாமல் வர அனுமதி தந்தது. 2023-க்குப் பிறகு அலிபே, வீசாட்டில் வெளிநாட்டுக் கார்டை இணைப்பதும் சுலபமாகிவிட்டது. விடுதிகள் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசு சொல்லியும் விட்டது. பாக்கி இருப்பது வீடுகள். விடுதி அல்லாத வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நகரத்தில் இது பெரிய வேலை இல்லை. மலைக் கிராமத்துப் பாட்டிக்கு ஒரு நாள் பொழப்பு போய்விடும். "எதுக்கு வம்பு, விடுதிக்கே போ" என்று அவர் சொன்னால் தப்பு அவருடையதா? கிராமக் கமிட்டி அலுவலகத்திலேயே அந்தப் பதிவை முடித்துக் கொடுத்தால், வாசலில் டிக்கெட் கிழிப்பவரைத் தாண்டி ஒருவர் பாட்டி வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் போக முடியும்.