காதோடு ஒரு நகர்வலம்

புக்கிட் மெர்தாஜாமில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்தால் பினாங்கின் ஜார்ஜ்டவுன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய ஊர். ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு தனியே சுற்றுகிறார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அருகில் இல்லை.

பிட் ஸ்ட்ரீட் ஒன்றே போதும். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், 1801இல் காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்துக் குயின் ஸ்ட்ரீட்டில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். எல்லாம் சில நிமிட நடை. சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகை மூக்கைவிட்டு விலகுமுன்னே மல்லிகை மணக்கும்.

இந்தத் தெருக்களின் கதை தமிழில், பினாங்குத் தமிழர் குரலிலேயே காதில் ஒலிக்க வேண்டும். கோயில் வாசலில் பூக்கட்டும் பெரியவர்களிடமிருந்தே பதிவைத் தொடங்கலாம்.