ஏலம் யார் வீட்டுச் சொல்?

காசிமேட்டு மீன்பிடித் துறையில் பொழுது புலருமுன்னே ஒருவர் உரத்த குரலில் விலையை ஏற்றிக்கொண்டு போவார். மீன் விற்கும் பெண்டிரும் வணிகரும் சூழ்ந்து நின்று கேட்பர். இதனை ‘ஏலம்’ என்கிறோம். பலரும் இதைப் பழந்தமிழ்ச் சொல்லென்றே எண்ணுகின்றனர். அன்று! 16-ஆம் நூற்றாண்டில் மயிலைக் கரையில் குடியமர்ந்த போர்த்துக்கீசியரின் ‘லெயிலாவோ’ என்னும் சொல்லே இது. மலையாளத்தில் ‘லேலம்’, இந்தியில் ‘நீலாம்’. லகரம் தமிழில் மொழிமுதல் வாராதாகலின், நம் நாவில் அஃது உதிர்ந்தது. உடை தமிழ், பிறப்பு அயல். போர்த்துக்கீசியரும் அதனை அரபியரிடமிருந்தே பெற்றனர் என்பர் மொழிநூலார். அவர் பட்ட கடனை நாம் மறுகடனாகப் பட்டோம்!

இலத்தீனத்திலோ இதற்குப் பெயர் ‘ஔக்தியோ’. மிகுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலச் சொல்லும் அதன்வழியதே. உரோமர் போர்க்கொள்ளையை, நிலத்தில் ஈட்டி நட்டு, அதனடியில் விற்றனர். அந்த ‘ஈட்டியின்கீழ்’ என்னும் தொடரே இசுபானியத்தில் ‘சுபாசுதா’ ஆயிற்று. இத்தாலியத்தில் ‘ஆசுதா’ இன்றும் ஈட்டியையும் குறிக்கும், இவ்விற்பனையையும் குறிக்கும். பிரெஞ்சு மொழியின் ‘ஆங்கான்’, ‘எவ்வளவுக்கு?’ என்ற இலத்தீன வினாவில் பிறந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே செயலைத் தத்தம் கண்ணால் கண்டு பெயரிட்டிருக்கின்றனர்.

நமக்குக் கண் இல்லையா? அகநானூற்றில் உமணர்மகள் சேரியில் உப்பை விலைகூறி விற்கிறாள். இன்றும் நாம் ‘ஏலங்கூறுதல்’ என்றுதானே சொல்கிறோம்? வேலை முழுதும் ‘கூறு’ செய்கிறது. பெயரை ஏலம் தட்டிக்கொண்டு போகிறது. கரையில் பங்கிட்டு வைத்த மீன்குவியலுக்கும் கூறு என்றே பெயர்.

நம் ஏலம் வேறு, அது மணப்பொருள். போடிநாயக்கனூரில் ஏலமே ஏலம் போகிறது என்றால் சிரிப்பதா, அழுவதா?

திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிலாளர் போடும் ஏலச்சீட்டில் விலை ஏறுவதே இல்லை. மிகுதியாகத் தள்ளிக் கேட்பவருக்கே பணம். அதனைத் தள்ளுச்சீட்டு என்பதே பொருந்தும்.

“நானூறாண்டுச் சொல்லை விட்டுவிடுங்கள்” என்பார் நண்பர் சிலர். மீன் விற்கும் தாயின் வாயை நாம் திருத்தப் போகவில்லை. அவர்மேல் குற்றமும் இல்லை. எழுதும் கைகளையே கேட்கிறோம். அடகில் மூழ்கிய நகைக்கு அறிவிப்பு எழுதும் வைப்பகத்தாரும், குத்தகைக்கு அறிவிப்பு எழுதும் அரசு அலுவலரும் ‘பொது விலைகூறல்’ என எழுதட்டும். ஏழைத் தாய் தன் தாலிப்பொன் போகும் செய்தியையேனும் தன் மொழியில் படிப்பாள்.