காசநோய்ப் பரிசோதனையில் விடுபடும் வாய்

எச்ஐவி தொற்றுடையோரின் நாக்கிலும் அண்ணத்திலும் படிந்து, துடைத்தால் நீங்கி, அடியில் சிவந்த பரப்பைக் காட்டும் வெண்படலம் கேண்டிடா என்னும் பூஞ்சையால் உண்டாவது. அதைப் பல் மருத்துவரின் பொறுப்பாகவும் காசநோயை நெஞ்சுநோய்ப் பிரிவின் பொறுப்பாகவும் பிரித்துக் கையாளும் வழக்கம் மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கிறது. எச்ஐவிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவ நிலைப் பகுப்போ, நீடித்த வாய்ப்பூஞ்சையையும், நாக்கின் ஓரத்தில் வரிவரியாகப் படிந்து துடைத்தாலும் போகாத வெண்திட்டையும், ஈறு அழுகலையும் நுரையீரல் காசநோயுடன் சேர்த்து ஒரே மூன்றாம் நிலையில் வைக்கிறது. பூஞ்சை காசநோயை உண்டாக்குவதில்லை; வாயின் சளிச்சவ்வைக் காப்பதிலும், நுரையீரலில் காசநோய்க் கிருமியைப் பெருகவிடாமல் அடக்கி வைப்பதிலும் நோயெதிர்ப்புக்குரிய சிடி4 அணுக்களுக்கே முதன்மைப் பங்கு உண்டு என்பதால், அவை குறையும்போது இரண்டு காப்பும் ஒருங்கே தளர்கின்றன.

காசநோய் எந்தச் சிடி4 அளவிலும் வரக்கூடும். வாய்ப்பூஞ்சை பெரும்பாலும் அந்த அளவு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கியவர்களிடம் தோன்றும். அந்த நிலையில் காசநோய் தன் வழக்கமான முகத்தைக் காட்டாமல், இருமல் குறைந்தும், சளிப்பூச்சில் கிருமி தென்படாமலும், நிணநீர்க் கட்டிகளிலும் பிற உறுப்புகளிலும் பரவியும் இருக்கக்கூடும் என்பதே வெண்ணாக்குக்கு இத்துணை முக்கியத்துவம் தருகிறது. சென்னை ஒய்ஆர்ஜி கேர் நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற எச்ஐவி தொற்றுடைய 300 பேரின் வாய்ப்புண்களையும் வாய்நோய்களையும் பதிவு செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் நாக்கைப் பார்ப்பது இன்னும் அன்றாடப் பழக்கமாகவில்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறும் தொழிலாளிக்குப் புறநோயாளிப் பிரிவு நேரம் என்பது ஒருநாள் கூலி இழப்பு, கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வாயில் காவிக்கறை பூஞ்சையை மறைக்கும்; புகையிலையால் வரும் வெண்திட்டு பூஞ்சையைப் போலத் தோன்றி ஏமாற்றும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பதே பல நேரங்களில் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

சிகிச்சை தொடங்கிய பின்னும் வாய் கவனத்துக்கு உரியதே. விழுங்கும்போது நெஞ்சில் வலி இருந்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அது நான்காம் நிலை நோய் என்பதோடு, மாத்திரைகள் விடுபடுவதற்கும் உடல் மெலிவதற்கும் நோயாளி வெளியே சொல்லாத காரணமாகவும் அமைந்துவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, பூஞ்சை மருந்தான ஃபுளூகோனசோலின் அளவை ஏறத்தாழக் கால்பங்கு குறைக்கிறது. மற்றொரு பூஞ்சை மருந்தான இட்ராகோனசோலை ஏறக்குறையப் பயனற்றதாக்குகிறது. அதனுடன் எச்ஐவி மருந்தான டோலுடெகிராவிர் 50 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை கொடுக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான். சளி வளர்ப்புச் சோதனையில் கேண்டிடா வந்தால் அது பெரும்பாலும் வாயிலிருந்து கலந்ததே. அதை நுரையீரல் பூஞ்சை எனக் கொண்டு காசநோய்த் தேடலை நிறுத்துவது பிழை.

சென்னை நீங்கலாகத் தமிழகம் முழுவதும் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், எடைக்குறைவு, கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கடும் நோயாளிகளைப் பிரித்தறிகிறது. எளிமையே அதன் வலிமை என்பதால் படிவத்தை நீட்டுவது நன்றன்று. எனினும் எச்ஐவி தொற்றுடையோருக்கு மட்டும் வாய்ச்சோதனைக்கு ஒரு வரி சேர்ப்பதால் அந்த எளிமை கெடாது. மறுபுறம், பல் மருத்துவர் வெண்ணாக்கைக் கண்டவுடன் நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சை மருந்தை எழுதி அனுப்பிவிடாமல், இருமல், காய்ச்சல், எடையிழப்பு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்டு, ஏற்கெனவே பரிசோதிக்கப்படாதவரை எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கும், சர்க்கரைச் சோதனைக்கும், சளியின் மூலக்கூறு சோதனைக்கும் அனுப்ப வேண்டும். காசநோய் ஐயம் நீங்கும்வரை நீர்த்துளி தெறிக்கும் அவசரமற்ற பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டும். மலையேறும் தொழிலாளி மறுநாள் வருவது அரிது என்பதால், இச்சோதனைகள் யாவும் அன்றே, அதே மருத்துவமனையில் முடிய வேண்டும்.