தாயின் மீது பழி போடுவது எளிது

கழுத்தில் மூச்சுக் குழாய் பொருத்தப்பட்ட குழந்தை, வீடு திரும்பிய பின் மீண்டும் மீண்டும் நிமோனியாவுக்கு ஆளானால், "தோட்டத்துத் தாய்க்குப் பார்க்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட வசதியான சாக்கு வேறில்லை.

விழுங்கும் ஆற்றல் குன்றிய குழந்தைக்கு உமிழ்நீர் இரைப்பைக்குச் செல்லாமல் மூச்சுப் பாதையில் இறங்குகிறது. உணவைக் குழாய் வழியே நேரே வயிற்றுக்குள் செலுத்தினாலும் உமிழ்நீர் ஊறுவது நிற்பதில்லை. ஆகவே இரவும் பகலும் அதை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். சுரப்பைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட் போன்ற மருந்துகள் சளியை இறுகச் செய்து குழாயையே அடைத்துவிடக்கூடும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஏற்றும் பொட்டுலினம் ஊசியின் பயன் சில மாதங்களே. குரல்வளையை மூச்சுக் குழலிலிருந்து பிரிக்கும் அறுவைச் சிகிச்சை இறுதி வழி. அது பெரும்பாலும் குழந்தையின் குரலை விலையாகக் கேட்கும். எவ்வழியைத் தேர்ந்தாலும் தொடர்ந்த வைத்தியக் கண்காணிப்பு தேவை.

இனி ஹட்டன், நுவரெலியா லயன்களுக்கு வாருங்கள். உறிஞ்சும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாடு இது. இரவெல்லாம் விழித்துக் குழந்தையின் சளியை உறிஞ்சிய தாய், விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். போகாவிட்டால் நாட்சம்பளம் இல்லை. சிறப்புச் சிகிச்சைக்கோ பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்கு மலையிறங்க வேண்டும். இவள் மீதா கவனக்குறைவுக் குற்றச்சாட்டு?

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. சுகாதாரமோ கம்பனிக்கும் அரசுக்கும் நடுவே இன்றும் ஊசலாடுகிறது. 2017இல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலையை இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். நல்ல காரியந்தான். ஆனால் கட்டடத் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் மாலையும் மேடையும், ஒரு லயன் அறைக்குப் போக வேண்டிய உறிஞ்சும் இயந்திரத்துக்குக் கிடைப்பதில்லை.

கேட்பது பெரிதன்று. வீட்டுக்கு அனுப்புமுன் குடும்பத்தில் இருவருக்கேனும் உறிஞ்சவும், அடைத்த குழாயை மாற்றவும் தமிழில் பயிற்சி தரவேண்டும். தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதால் இதைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை. மின் இயந்திரத்தோடு, காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சியையும் அரசு இரவலாகத் தரவேண்டும். மாற்றுக் குழாய்களைத் தோட்ட மருந்தகத்தில் இருப்பு வைக்க வேண்டும். குழந்தையைப் பராமரிப்பவருக்கு, இழக்கும் நாட்சம்பளத்துக்கு ஈடான உதவித்தொகை வழங்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றையும் செய்யாது குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவைப்பதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். கைவிடுதல் என்பதே அதற்குரிய பெயர்.