தோமாவின் மலையடியில் கேள்விக்குத் தடை

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் செல்லும் பேருந்தில் நம் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, திடப்படுத்தல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். விசுவாசம் குறைந்தவனுக்குத்தான் கேள்வி வரும் என்று உட்கார வைத்துவிட்டார்கள்." அவர் கேட்டது நாத்திகம் அன்று. கிறிஸ்துவின் பெயரையே கேட்டறியாமல் மறைந்த தம் பாட்டியின் கதி என்ன என்றுதான் கேட்டிருக்கிறார்.

கேள்வி என்பது மேனாட்டுக் கல்வி தந்த நோய் என்று நம் சபைகளில் சிலர் ஓயாது சொல்லி வருகிறார்கள். வரலாறு அறியாத பேச்சு இது. அந்தப் பேருந்து போய்ச் சேரும் தாம்பரத்தில்தான், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென ஹென்ட்ரிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞர் எழுதிய நூல், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியே இல்லை என்று வாதிட்டது. இதை எதிர்த்து நின்றவர்கள் சென்னைக் கிறிஸ்தவர்கள். வி. சக்கரை, பி. செஞ்சையா முதலியோர் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்கக் கோரும் தொகுப்பொன்றை அதே ஆண்டில் வெளியிட்டனர். சக்கரை 1903இல் ஞானஸ்நானம் பெற்ற வழக்கறிஞர், பின்னாளில் சென்னை மேயர். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. கிறிஸ்துவை ஏற்பவன் தன் முன்னோர் மரபை ஏன் உதறவேண்டும் என்பது செஞ்சையாவின் கேள்வி. நம் மாணவரின் பாட்டியும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறார்.

செஞ்சையா சொன்னதெல்லாம் நமக்கு உடன்பாடில்லை. சபை என்னும் கூட்டுறவை அவர் அவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க வேண்டாம். இன்னொரு குறையும் உண்டு: அந்தத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தது. உப்பளக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

தமிழில் அதைச் செய்தவர் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை. வைணவராகப் பிறந்தவர். 1853இல் சாயர்புரத்தில் மிஷனரிப் பள்ளித் தமிழாசிரியரானார். ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளைத் தயக்கம் என்று கழித்துவிடுபவர்கள் 1894இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் படிக்கவில்லை என்றே கொள்வோம். பனியனின் ஆங்கிலக் கதை கம்பனின் நடையை உடுத்திக்கொண்டது மொழிபெயர்ப்பால் அன்று. தாம் விட்டு வந்தது எது, விடக்கூடாதது எது என்று உள்ளுக்குள் வழக்காடிய ஒருவரால்தான் அது இயன்றது. நம் தமிழ்த்துறைகளோ அதைச் 'சமயக் காப்பியங்கள்' என்ற தலைப்பின்கீழ் ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துவிட்டன.

"காணாமல் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று வேதம் சொல்லவில்லையா?" என்பார்கள். சொல்கிறது. எப்போது? தழும்பைப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற தோமாவுக்குத் தழும்பைக் காட்டிய பிறகு. முதலில் கை நீட்டப்பட்டது. கண்டிப்பு பின்னால் வந்தது. அந்தத் தோமாவின் பெயரால் சென்னையில் மலையும் பேராலயமும் வைத்துக்கொண்டு, கேட்கும் பிள்ளையை உட்கார வைக்கிறோம்.

பாட்டியைப் பற்றி நாமும் அன்று உறுதியாக எதுவும் சொல்லவில்லை. கிருஷ்ணப் பிள்ளையைப் படிக்கக் கொடுத்தோம். மறுவாரம் அதே பேருந்தில் இன்னும் கடினமான கேள்வி ஒன்றோடு வந்தார். வண்டலூர் வரை பேசியும் முடியவில்லை.