சாவியை அஞ்சறைப் பெட்டியில் போட்டேன்!

கார் ரிப்பேரைப் பற்றி இவள் எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! நான் படித்தது பத்தாவதுதான். ஆனால் பழைய காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது உதவும்.

எங்களுடையது மாமனார் 1984-ல் வாங்கிய அம்பாசிடர். அந்தக் கார் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. எங்கள் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஆடியில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று புகை! என்னவர் ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்தார். நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தூரப் போய் நின்றேன். பானெட்டை முழுசாகத் தூக்கப் போனவரை ஒரு லாரி டிரைவர் தடுத்தார். காற்றுப் பட்டால் தீ குப்பென்று எழும்புமாம். இடுக்கு வழியாகவே தீயணைப்புப் பவுடரை அடித்து அணைத்தார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

காரணம், பெட்ரோல் போகிற ரப்பர் குழாய். காய்ந்து வெடித்துக் கசிந்திருக்கிறது. சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டோமே தவிர, அதை மாற்றத் தோன்றவில்லை. தப்பு எங்கள் மேல்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மறுநாள் கொழுந்தன் மகன் கருகிய பிளக் ஒயர்களை மாற்றிவிட்டு, சாவியைத் திருகு திருகென்று திருகினான். இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. எனக்கோ பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. வெந்த ஒயரிலிருந்து ஒரு பொறி போதாதா? "போதும்டா, இறங்கு!" என்று சாவியைப் பிடுங்கி அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடினேன். என்னவருக்குக்கூடக் கோபம்தான்.

மெக்கானிக் அண்ணாச்சி வந்ததும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். "நீங்க செஞ்சதுதாம்மா சரி" என்றார். (என்னவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!) குழாயை மாற்றி, சிந்தியதைத் துடைத்து, வாடை போன பிறகுதான் பேட்டரியை மாட்டினார்.

அப்புறம் ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டிச் சோதனை. பன்னிரண்டு வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்குக்கு அனுப்புவது காயில். பாயின்ட் மூடித் திறக்கும்போதுதான் அது பொறியை எழுப்பும். காயிலுக்குக் கரண்ட் வரும் பக்கம் பல்பு எரிந்தது. டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் பக்கம் எரியவே இல்லை. அந்த ஒயரைக் கழற்றியதும் எரிந்தது! அப்படியானால் கோளாறு காயிலில் இல்லை, அதற்கப்பால். டிஸ்டிரிபியூட்டரைத் திறந்தால், உள்ளே மெல்லிய ஒயர் ஒன்று தோல் உருகி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாயின்ட் திறந்தாலும் கரண்ட் நிற்காமல் அது வழியே இறங்கிவிடுகிறது. பிறகு பொறி எங்கே வரும்? மூடியிலும் தலைமுடி போல ஒரு விரிசல். இரண்டையும் மாற்றினார்.

அப்போதும் வண்டி 'பட் பட்' என்று வெடித்தது. நம்ம பிள்ளையாண்டான் பிளக் ஒயர்களை 1, 2, 3, 4 என்று வரிசையாக மாட்டியிருக்கிறான்! இந்த இன்ஜினுக்கு 1, 3, 4, 2 என்பதுதான் வரிசையாம். மாற்றி மாட்டியதும் ஒரே திருகலில் கிளம்பியது.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்புமுன் அந்தக் குழாயை விரலால் அமுக்கிப் பார்ப்பது என் வேலை. விறைத்திருந்தாலோ, விரலில் பெட்ரோல் வாடை வந்தாலோ, அன்றைக்கு பஸ்தான்.